ஒன்பது பேர் பள்ளியும் பத்தாவது பெயரும்

அனுப்புநர்:
தாக் மி-ரியோங்,
தலைவர், பெற்றோர் குழு,
சோல்மே நடுநிலைப் பள்ளி,
சோல்மே, ஹன்பொ மாவட்டம்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம், ஹன்பொ.

பொருள்: இரு பள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் உள்ள பிழை, அதில் என் பங்கு, பள்ளியை மூடாதிருக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகம் சென்ற மாதம் எங்கள் ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலைக் கண்டேன். நகரப் பள்ளி: மாணவர் 214, சராசரி மதிப்பெண் 81. சோல்மே: மாணவர் 9, சராசரி 66. டிசம்பர் 31-இல் பத்துப் பேர் இல்லையெனில் பள்ளி மூடப்படும் என்று அடியில் ஒரு வரி.

2. எங்கள் ஒன்பது பேரில் ஒருத்திக்குத் தேர்வன்று அம்மை போட்டிருந்தது. அவளுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறார்கள். இருநூறு பேரில் ஒரு பூச்சியம் தெரியாது; ஒன்பதில் தெரியும். அதை நீக்கினால் எழுபத்து நான்கு வருகிறது.

3. நகரப் பள்ளியின் முதல் பத்து இடங்களில் நான்கு பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். நகரத்தில் குடியிருப்போரைத்தான் அங்கே சேர்ப்பார்கள் என்பதால், பதிவேட்டில் அவர்கள் முகவரி நகரத்து அத்தை வீடு, சித்தி வீடு. தூங்குவதோ இங்கே. விடிந்தும் விடியாமலும் பேருந்து ஏறுகிறார்கள். "ஊர்ப் புள்ளைங்கள தெனமும் கடத்திட்டுப் போறவன் நாந்தான், என்னைப் புடிச்சு உள்ள போடுங்க" என்று கூக் என்ற அந்தப் பேருந்து ஓட்டுநர் கேலி பேசுகிறார். எங்கள் விரலே எங்கள் கண்ணைக் குத்தியிருக்கிறது, ஐயா.

4. இதை எழுதக் கை வராமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அந்த நால்வரில் ஒருத்தி என் மகள் யே-சோல். சென்ற ஆண்டு முதல் அவள் என் தங்கை வீட்டில் குடியிருப்பதாகப் பதிந்தவள் நான். குடியிருப்போரைச் சரிபார்க்க வந்த ஊர்த்தலைவர், வாசலில் கிடந்த அவள் காலணியைப் பார்த்துவிட்டு, "விருந்தாளி வந்திருக்காப்ல போல" என்று தாமே சொல்லிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

"எங்கள் பள்ளியை மூடாதே" என்று சாலையின் குறுக்கே நான் கட்டிய பேனரை எழுதியதும் யே-சோல்தான். அதன் அடியில்தான் தினமும் நகரப் பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் கேட்டாள்: "அம்மா, நம்ம ஸ்கூலுன்னு பெருசா எழுதச் சொன்னியே, அதுல நான் எங்கம்மா இருக்கேன்?" நான் கடற்பாசி காயப்போடப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

5. நேற்று அவள் முகவரியை எங்கள் வீட்டுக்கே மாற்றிவிட்டேன், சான்று இணைத்துள்ளேன். பொய்ப் பதிவுக்கு என்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கலாம். குழுத் தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன். மற்ற மூன்று வீடுகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். இம்மனுவின் நகலைத் தங்கள் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன், அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

இன்னும் இருபத்திரண்டு நாள்களே உள்ளன. யே-சோலை எங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டு, கணக்கெடுக்கும் நாளில் தாங்களே நேரில் வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: 09.12.2025
இடம்: சோல்மே

இப்படிக்கு,
தாக் மி-ரியோங்
(பத்தாவது மாணவியின் தாய்)