எரிந்திருக்கும் என்று சொன்னேன்

செப்டம்பர் 11, புதன்

தடுப்பூசி நாள். இந்த மலையில் ஊராட்சிக்கு நாடு என்று பெயர்; இன்று பெரக்கரை நாடு, பதினெட்டுக் குழந்தைகள். திரும்பும்போது பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சோளக்காடு ஸ்டாப்பில் டிரைவர் இறங்கி வந்து, "நர்சம்மா, உங்க கார்ல பிரேக் லைட்டே எரியலீங்க. மேகம் எறங்கிட்டா பின்னால வர்றவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

மழைக்கு ஸ்கூட்டர் ஆகாது என்று வாங்கிய பழைய கார். எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ராத்திரிக்கு ரசம். ஓர் ஆளுக்கு அளவாக ரசம் வைக்க நாற்பத்தேழு வயதிலும் எனக்கு வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூபதியின் ஒர்க்‌ஷாப். அவர் பின்னால் நின்றார், நான் பிரேக்கை மிதித்தேன். "எரியுதுங்க." மறுபடி மிதித்தேன். "நல்லா எரியுதுங்க." வயர்களை ஆட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "நோவு இருக்கறப்பக் கூட்டியாங்க" என்று சிரித்தார்.

நானும் நோயாளிகளிடம் இப்படித்தான் சொல்கிறேனோ?

செப்டம்பர் 25, புதன்

மறுபடியும். வாழவந்தி நாட்டு அங்கன்வாடி ருக்குமணி கவனித்துச் சொன்னாள். முதல் திருப்பத்தில் எரியவில்லையாம், அடுத்ததில் எரிந்ததாம், பிறகு இல்லையாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூபதி இரண்டு பல்பையும் மாற்றினார். மிதியடிக்கு மேலிருக்கும் சுவிட்சையும் மாற்றினார். எரிகிறது. ஆனால் மாற்றுவதற்கு முன்பும் எரிந்ததே?

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டி காரைப் பின்பக்கமாக நிறுத்தினேன். மிதித்தால் கண்ணாடியில் வெள்ளைச் சுவர் சிவக்கிறது. விட்டால் போகிறது. இருபது தடவை மிதித்திருப்பேன். பின்னால் நின்று சொல்ல ஒருவர் இருந்தால் ஒரு தடவை போதும்.

அக்டோபர் 9, புதன்

இப்போதே எழுதிவிட வேண்டும்.

நாலரை மணி, நல்ல மேகம். கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன். பின்னால் பெரிய சத்தம். ஒரு மொபெட் வந்து மோதியிருந்தது. விழுந்து கிடந்தவர் சின்னராசு. போன மாதம்தான் அவர் பேத்திக்கு ஊசி போட்டேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. இரண்டு குச்சி வைத்துக் கட்டினேன். அந்த வலியிலும், "எந் தப்புதாங்க நர்சம்மா. பாக்காம வந்துட்டனுங்க" என்றார்.

ஆம்புலன்சில் நாமக்கல் வரை கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார்: "உங்க பிரேக் லைட் எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சிருக்கும்" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியலைன்னு சொல்ல ஏன் வாய் வரலை?

அக்டோபர் 10, வியாழன்

ராசிபுரத்திலிருந்து அண்ணன் போன். "பின்னால வந்து இடிச்சவன் மேலதான் கேஸு. நீ வாயத் தொறக்காத கண்ணு." இதற்கு முன் அவர் என்னை அழைத்து ஐந்து வாரம் இருக்கும்.

அக்டோபர் 12, சனி

தூக்கமில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயுத பூஜை விடுமுறை, பூபதி மாமனார் ஊருக்குப் போய்விட்டார். பேசவும் ஆளில்லை. இந்த நோட்டையே முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

புதன். புதன். புதன். எரியாத நாளெல்லாம் புதன். எரிந்ததெல்லாம் ஞாயிறு.

புதனன்று மட்டும் என்ன? டிக்கியில் தடுப்பூசிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை டிக்கி காலி.

சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். பெட்டியில் ஐஸ் பைகளை நிரப்பி, எப்போதும் வைக்கிற மூலையில் வைத்தேன். சுவரோரம் நிறுத்தி மிதித்தேன். சுவர் வெள்ளையாகவே இருந்தது. பெட்டியை எடுத்தேன், சிவந்தது. வைத்தேன், போயிற்று.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர், தகரத்தில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கி போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது. பெட்டியின் கனம் வயரை அழுத்தினால் தொடர்பு விட்டுப்போகிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி முடுக்கினேன். கால் மணி நேர வேலை.

ஒன்பதாம் தேதி பெட்டி டிக்கியில் இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

சின்னராசு வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பெருமாயி காபி கொண்டுவந்தார். குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். லைட் எரிஞ்சிருக்காதுங்க. ஒரு மாசமாவே கோளாறு. தெரிஞ்சும் ஓட்டினேன்.

பெருமாயிதான் கேட்டார்: "அஞ்சு நாளா இந்த மனுசன் எந் தப்பு எந் தப்புன்னு பொலம்பிட்டுக் கெடக்கறாரு. அன்னிக்கே சொல்ல உங்களுக்கு வாயில்லீங்களா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சாமை அறுப்பு வருது. ஆரு அறுக்கறது? போங்க நர்சம்மா."

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய், நான் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணனிடமும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 23, புதன்

பெருமாயி பேத்தியைத் தூக்கி வந்தார். ஊசி போட்டேன். குழந்தை அழுதது. அட்டையை வாங்கிக்கொண்டு பெருமாயி நேராகப் போய்விட்டார்.

நவம்பர் 9, சனி

மாலையில் கதவு தட்டும் சத்தம். பெருமாயி வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கோவம் போகலீங்க. ஆனா ஆள் பத்தல. நாளைக்கு அறுப்புக்கு வாரீங்களா?"

நவம்பர் 10, ஞாயிறு

இடது கை விரலில் கட்டு. அரிவாள் பட்டுவிட்டது. "ஊசி புடிக்கற கைக்கு இது வராதுங்க" என்று பெருமாயிதான் துணி கிழித்துக் கட்டினார். பிறகு கதிரை எப்படிப் பிடிப்பது என்று என் கையைப் பிடித்தே காட்டினார்.

மதியம் ஏழு பேராகக் காட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்னராசு வரப்பில் காலை நீட்டிக்கொண்டு, நான் அறுக்காமல் விட்ட கதிர்களையெல்லாம் கத்திக் கத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

பாதிக் காடு பாக்கி இருக்கிறது. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.