முதலில் கை தட்டுகிறவர்

நவ. 18, செவ்வாய்

காலையிலேயே ஊரெங்கும் புகை. ஜன்னல் திறக்கவில்லை. பியானோ ட்யூனர் வரவில்லை, நாளை மறுநாளாம். செய்ய வேண்டியது: பட்டுப்புடவை இஸ்திரி, கண்ணாடிக்குப் புது ஃப்ரேம், மகள் நிஷாவுக்கு போன்.

சனிக்கிழமை கச்சேரி. கணவர் ஜெயராஜ் இறந்தபின் முதல் கச்சேரி. ஐந்து மாதம்.

அரங்க மேனேஜர் மல்ஹோத்ரா போனில் வழக்கமான கெஞ்சல். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஏதாவது வாசியுங்கள் மேடம், இந்தப் புது சங்கீதம் எப்போது முடிகிறதென்றே ஜனங்களுக்குத் தெரிவதில்லை என்றார். முப்பது வருடமாக இதே பல்லவி. உயிரோடு இருக்கிறவர்கள் எழுதுவதை நான் வாசிக்காவிட்டால் இந்த ஊரில் வேறு யார் வாசிப்பது? முடியாது என்றுவிட்டேன்.

ஆனால் மல்ஹோத்ரா சொன்னது உண்மைதான். முடிவது யாருக்கும் தெரியாது. அதற்குத்தானே மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில் ஜெயராஜ் உட்காருவார். அவர் தட்டினால்தான் மற்றவர்கள் தட்டுவார்கள்.

நவ. 20, வியாழன்

ட்யூனர் வந்தார். இரண்டு டீ. ஒரு கட்டை இன்னும் இழுக்கிறது.

கௌஹாத்திப் பெண் ஒருத்தி எனக்கென்றே எழுதிய பீஸ், சனிக்கிழமைக்குக் கடைசி உருப்படி. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்வரம், பெடலை விடாமல், ஒலி தானாக அடங்கும்வரை. ஆறு முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் காது ஹாலுக்குப் போகிறது, அவர் கைதட்டலைத் தேடி. பாழாய்ப்போன காது.

ஒருமுறை அவரிடமே கேட்டேன், நோட்ஸ் படிக்கத் தெரியாத ரயில்வே குமாஸ்தாவுக்கு முடிந்தது எப்படித் தெரிகிறதென்று. "ஒன் பாட்டு எனக்கு ஒரு எழவும் புரியாது ஸ்டெல்லா. முடிஞ்சா ஒன் வலது தோளு லேசா எறங்கும்லா, அதத்தான் பாத்துட்டே இருப்பேன்."

முப்பது வருடம் தோளையே பார்த்திருக்கிறார் மனுஷர். அழுதேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மாலை நிஷா வந்தாள். நீதான் முதலில் தட்ட வேண்டும், தோளைப் பார் என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அச்சா அச்சா என்றாள். அப்பா நாற்காலியிலேயே உட்காரவா என்று கேட்டாள். வேண்டாம், பக்கத்தில் என்றேன்.

நவ. 23, ஞாயிறு

வெயில், பேருக்கு. நேற்று கச்சேரிக்குப் போக சாணக்யபுரி வரை ஒரே ட்ராஃபிக். பாதி அரங்கு. சமோசாவுக்கு வந்தவர்களும் உண்டு.

நன்றாக வாசித்தேன். அவர் இல்லாமலும் இவ்வளவு நன்றாக வாசிக்க முடிகிறதே என்று என் மேலேயே கோபம். கடைசி ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பெடலை விட்டேன். தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

யாரும் தட்டவில்லை.

யாரோ இருமினார்கள். கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மல்ஹோத்ராதான் மேடையோரத்திலிருந்து தட்டினார். பிறகு எல்லோரும்.

காரில் நிஷாவைக் கடிந்துகொண்டேன், தோளைப் பார்க்கவில்லையா என்று.

"பாத்தேன்மா. முடிஞ்சதுன்னு தெரிஞ்சுது." வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மயூர் விஹார் திரும்பும்போதுதான் மீதியைச் சொன்னாள். "அப்பா தட்டுவாங்கன்னு வெயிட் பண்ணிட்டே இருந்துட்டேன்."

நானும் அதற்குத்தான் உட்கார்ந்திருந்தேன்.