மேபல் கடலில் இறங்கும் காட்சி

மார்ச் 4, செவ்வாய்

டெஸ்மண்ட் இன்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனான். ஒன்பது வருடமாக அவன் தயாரிக்கும் டிவி தொடர்களுக்கு எழுதுகிறேன், நடிக்கிறேன். ஒரு சாண்ட்விச்கூட வாங்கித் தந்ததில்லை. இன்றைக்கு மீன், புட்டிங், எல்லாம். என்ன வேண்டுமாம் இவனுக்கு?

பேச்சோடு பேச்சாக, பெர்னிஸ் இப்போது சும்மாதான் இருக்கிறாளா என்று கேட்டான். என்னோடு நாடகப் பள்ளியில் படித்தவள். என் வயதுதான், என்னைவிட நல்ல மூக்கு. புதுத் தொடரின் நாயகி, விடுதிக்காரி மேபலை எனக்காகவே எழுதினேன். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு வேறு யார் எழுதித் தரப்போகிறார்கள்?

மார்ச் 7

உடை அளவெடுக்க எல்லோரையும் கூப்பிட்டாயிற்று. என்னைத் தவிர.

மார்ச் 11

பெர்னிஸுக்குப் போன் செய்தேன். டெஸ்மண்டைப் பார்த்தாளாம். "சும்மா டீ குடிச்சோம்டி, வேற ஒண்ணுமில்ல." டீயாம்! கேட்பதற்கு முன்பே சிரிக்கிறாள்.

இருக்கட்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது. பள்ளி நாட்களில் பிரைட்டன் கடற்கரையில் முழங்கால் தண்ணீருக்கே அலறியவள். நானோ டிசம்பர் குளிரிலும் ஹாம்ஸ்டெட் குளத்தில் நீந்துகிறவள். உட்கார்ந்து மூன்றாம் பகுதியில் ஒரு காட்சி சேர்த்தேன்: மூழ்கும் மீனவனைக் காப்பாற்ற மேபல் கடலில் இறங்கி நீந்துகிறாள். முகம் தெரிந்தாக வேண்டும், பதிலாள் கூடாது. இப்போது கொடுக்கட்டும் பார்ப்போம், யாருக்குக் கொடுக்கிறான் என்று.

மார்ச் 13

"கடல் எதுக்கு ஹெட்டி? படகுல உக்காந்துகிட்டே காப்பாத்தக் கூடாதா?" என்றான் டெஸ்மண்ட்.

கூடாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. மாட்டிக்கொண்டான்!

மார்ச் 18

வழக்கமாக நடிகர்களின் இன்ஷூரன்ஸுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். குளிர்ந்த கடல் என்பதால் இந்த முறை மருத்துவரிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்றார். எல்லோருக்கும்தானே வாங்கும்? டெஸ்மண்ட் இவரிடமும் பேசிவிட்டானோ?

மார்ச் 21

இதயத்தில் ஒரு வால்வு கசிகிறதாம். மருந்தில் சமாளிக்கலாம், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் குளம் இனி கூடாது. நாயகி வேடத்துக்கு இன்ஷூரன்ஸ் தர முடியாதாம்; அது இல்லாமல் நடிக்க விடமாட்டார்கள். கடல் காட்சியை எடுத்துவிட்டாலும் முடியாதாம், அறிக்கை அவர்கள் கைக்குப் போய்விட்டது.

டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

"உன் அளவுதான் போன தொடர்லயே எடுத்தாச்சே. பெர்னிஸைக் கேட்டது மேபலோட தங்கச்சி வேஷத்துக்கு. ஸ்கிரிப்ட் முதல் வாசிப்புல அவளைப் பார்த்து நீ சந்தோஷப்படுவேன்னு மறைச்சு வச்சோம்."

அப்படியானால் அந்த மீன் சாப்பாடு?

"ஒன்பது வருஷமா ஒண்ணுமே வாங்கித் தரலையேன்னு வெட்கமா இருந்துச்சு."

அய்யோ, நான் என்ன செய்துவிட்டேன். கடல் இல்லையென்றால் யாரும் என் நெஞ்சைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 2

முதல் வாசிப்பு. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம், நான் எழுத்தாளர் நாற்காலியில். மேபலாக பெர்னிஸ். தொடங்குவதற்கு முன் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஹெட்டி, இந்தக் கடல் மட்டும்..."

அவள் பென்சிலை வாங்கி அந்தக் காட்சியை அடித்தேன். 'மேபல் படகில் உட்கார்ந்தபடியே கயிற்றை வீசுகிறாள்' என்று ஓரத்தில் எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.