ஒரு மதியம் தெலுங்குக்காரர் ஆனோம்

அன்பு மகன் யஸ்வந்துக்கு அம்மா எழுதுவது. நகரியில் நானும் உன் நைனாவும் உன் தங்கை காவ்யாவும் நம் ஊர் அம்மன் தேசம்மா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். டப்ளினில் மழை விடவே இல்லை என்று போனில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ, தலையை ஈரத்தோடு விட்டுவிட்டு அப்புறம் ஜலதோஷம் என்று புலம்பாதே. வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதத்தில் எதற்கு எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். காவ்யா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள், கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் எந்த மீட்டிங்குக்கு வேண்டுமானாலும் போ.

ஞாயிற்றுக்கிழமை உன் தரணியும் அவள் அப்பா அம்மாவும் திருப்பதியில் தரிசனம் முடித்துக்கொண்டு, சென்னைக்குத் திரும்பும் வழியில் நம் வீட்டுக்குச் சாப்பிடவும் கல்யாணத் தேதி பேசவும் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று காவ்யா உனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் பயந்தாங்கொள்ளி, நடந்ததை நான் சொல்கிறேன். தரணியின் அப்பா வேங்கடாசலம் ஐயா காலேஜில் தமிழ் நடத்தினவர், அவர் எதிரில் கொஞ்சம் டீசன்டாகப் பேசுங்கள் என்று நீ சொல்லிவிட்டாய் அல்லவா, அன்றிலிருந்து காவ்யா எங்களுக்கு டீச்சரம்மா ஆகிவிட்டாள். கீது என்றால் முறைப்பாள், இட்டுக்கினு என்றால் தலையில் அடித்துக்கொள்வாள். உன் நைனா தறி ஓட்டிக்கொண்டே வாருங்கள், அமருங்கள், மகிழ்ச்சி என்று சொல்லிப் பார்ப்பார், பவர்லூம் சத்தத்தில் அதையும் கத்தித்தான் சொல்லவேண்டும், பக்கத்துத் தறி ஹரிபாபு என்ன கன்னையா எலக்ஷனில் நிற்கிறாயா என்று கேட்டான். நான் சிரித்தாலும் நானும்தான் படித்தேன். பிள்ளை கல்யாணம் நம் வாயால் கெட்டது என்று இருக்கக்கூடாதே என்கிற எண்ணம்தான்.

அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டோம். வீடே நிசப்தமாக இருந்தது, உன் நைனாவுக்குத் தன் குரல் தனக்கே கேட்டதில் பாதி தைரியம் போய்விட்டது. ஆனாலும் மனுஷர் விடவில்லை. பயணம் சௌகரியமாக இருந்ததா, இன்னும் சிறிது பாயசம் அருந்துங்கள் என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பிசகு இல்லாமல் பேசினார். எனக்கே பெருமையாக இருந்தது. வேங்கடாசலம் ஐயா சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்து, மனம் நிறைந்து சொன்னார். தெலுங்குக்காரர் வீட்டில் இவ்வளவு சுத்தமான தமிழை நான் கேட்டதே இல்லை, உங்களுக்குத் தெலுங்குதான் வீட்டு பாஷை, தமிழ் கொஞ்சம் தடுமாறும் என்று யஸ்வந்த் சொல்லியிருந்தார், நீங்களோ எங்களைவிட நன்றாகப் பேசுகிறீர்களே என்றார். உன் நைனா பாராட்டு என்று நினைத்து நன்றிங்க என்று கும்பிட்டே விட்டார். காவ்யா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ எங்களை என்னவாகச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று.

எனக்கு வலித்தது யஸ்வந்த். தெலுங்கு நமக்கு அந்நியமா என்ன, ஆந்திராவில் குடியிருக்கிறோம், கடையில் தெலுங்கு, மண்டல ஆபீசில் தெலுங்கு, நீ படித்ததே தெலுங்கு மீடியம், உன் சித்தி வாழ்க்கைப்பட்டது தெலுங்கு வீட்டில்தான். தெலுங்கு என்றதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தமிழைத் தமிழ் என்று சொல்ல உனக்குக் கூசியதே, அதுதான். ஏன் கூசியது என்றும் எனக்குத் தெரியும். சென்னை ஹாஸ்டலில் நீ வாயைத் திறந்தாலே சிரித்தார்கள் என்று முதல் லீவுக்கு வந்தபோது சொன்னாய். சினிமாவிலும் நம் பேச்சைப் பேசுகிறவன் ஒன்று ரவுடி, இல்லாவிட்டால் காமெடியன். அதெல்லாம் சரி. அதற்காகப் பெற்றவர்களையே வேறு ஜனமாக்கிவிடுவதா? ஒரு பேச்சுக்கு ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றியிருப்போம். என்னால் ஆகவில்லை. எழுந்து நின்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தெலுங்கு ஆளுங்க இல்லீங்க நாங்க. தமிழாளுங்கதான், எங்க தாத்தன் பூட்டன் காலத்துலேந்து இங்கியே கீறோம். ஊட்டுல பேசுறது இந்தத் தமிழு இல்ல, நீங்க வர்றீங்கன்னு பொண்ணு சொல்லிக்குடுத்துப் பேசிக்கினு கீறோம்."

தரணியின் அம்மாதான் முதலில் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு, பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டீர்களோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேங்கடாசலம் ஐயா சிரிக்கவில்லை. எந்தத் தமிழானாலும் எனக்கு ஒன்றுதான் அம்மா, ஆனால் அப்பா அம்மாவையே மாற்றிச் சொல்கிற பையன் நாளைக்கு என் பெண்ணிடம் எதை மாற்றிச் சொல்வானோ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். தேதி பேச வந்தவர்கள் பேசாமலே கிளம்பினார்கள். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுந்திருப்பேன்.

காவ்யா இரண்டு நாளாக அண்ணன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாய் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் கெடுக்கவில்லை. இந்தக் கல்யாணம் நடக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை, நல்ல ஜனங்கள், நல்ல பெண். என் கையிலிருந்து சாம்பாரை வாங்கி எல்லாருக்கும் அவளே ஊற்றினாள், உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் முகத்தில் தெரிகிறது. என் கவலை உன் நைனாதான். மனுஷர் ஆள் மாறிவிட்டார். தறி ஓட ஆரம்பித்தும் யாரிடமும் கத்திப் பேசுவதில்லை. நேற்று நூல் கண்டு எடுத்துக்கொடுக்கப் போனேன், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "நா பேசுறது அவ்ளோ கேவலமாவா கீது, தாட்சாயணி?" இல்லை என்றேன். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, நீ சொன்னால் ஏறும்.

இன்னொன்று, அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கிளம்பும்போது தரணி காரில் ஏறாமல் என்னிடம் திரும்பி வந்தாள். அத்தை, சென்னை ஆபீசில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தபோது அவருக்கு உங்கள் போன் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசுவார், அந்தச் சிரிப்பை என்னோடு பேசும்போது நான் பார்த்ததில்லை என்றாள். அப்புறம், "நான் காதலிக்கிறது உள்ள இருக்கிறவரையா, வெளிய நிக்கிறவரையா, அத்தை?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை, நான் சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன். தரணியின் அப்பாவிடம் என்ன பேசவேண்டும் என்று காவ்யா உனக்கு எழுதி அனுப்புகிறேன் என்றாள், கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் அவளும் பேரும் புகழுமாக நூறு வருஷம் சேர்ந்து வாழவேண்டும், ஏழுமலையான் கூட இருப்பான். வேளைக்குச் சாப்பிடு. முதலில் உன் நைனாவுக்குப் போன் போடு, அப்புறம் வேங்கடாசலம் ஐயாவுக்கு. தரணிக்குப் போடும்போது மட்டும் வெளியே எழுந்து போகாதே, உள்ளேயே உட்கார்ந்து பேசு.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் போகாத, ஆசையும் குறையாத அம்மா,
தாட்சாயணி