நான் வகுக்காமல் விட்ட 293

கல்லடி
16.09.2025

அன்பு மகள் டினோஷாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோது, அந்தப் பிழை உன்னுடையதல்ல என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றப்படி ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம், மெல்பேணில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு நலமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. இங்கே வெயில் குறையவில்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, அப்பா களுதாவளையில் ஒரு புது வீட்டுக்கு வயர் இழுக்கப் போய்வருகிறார். நீ கணிதத்தை விடப்போவதாகச் சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒரு பிழைக்குப் படிப்ப விடுறதென்டா நான் எப்பவோ வயர் வேலைய விட்டிருக்கணும், எத்தன வீட்டில பியூஸ் போயிருக்கு என்று சிரித்தார். பிறகு சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது நாம் இருவரும் 1000009ஐ எடுத்துக்கொண்டு இருந்தோமே. ஒன்றும் தானும் தவிர வேறெதாலும் வகுபடாத முதன்மை எண்ணா அது என்று பார்க்க, ஆயிரத்துக்குள் இருக்கும் முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்தோம். 7இலும் 9இலும் முடிபவை உனக்கு, 1இலும் 3இலும் முடிபவை எனக்கு. கல்குலேட்டரைத் தொடக்கூடாது, கொப்பியில் ஒவ்வொரு வரியிலும் மீதியை எழுத வேண்டும் என்பது உன் சட்டம். முடிவில் கதவுக்குப் பின்னால் சோக்கால் முதன்மை என்று எழுதினாய், அது இன்னும் அழியவில்லை. அதை நம்பித்தானே வகுப்பில் விரிவுரையாளர் அந்த எண்ணைப் போட்டதும் கையை உயர்த்தி முதன்மை என்றாய். ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினாலும், 972இன் வர்க்கத்தோடு 235இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதே எண்தான், இப்படி இரண்டு விதமாக வருவது முதன்மையாக இருக்க முடியாது என்று அவர் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள் என்றாய். எனக்குக் கணக்கு வராதம்மா என்றாய்.

நீ போனை வைத்த பிறகு அந்தக் கொப்பியைத் தேடி எடுத்தேன். 293க்கு நேரே மீதி இல்லை, சரி அடையாளம் மட்டும் கிடக்கிறது. மூன்றில் முடிவது, என் பங்கு. அந்த நேரம் எனக்குக் கை ஓய்ந்திருந்தது, நீயோ அது முதன்மையாக வரவேண்டும் என்று என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு இருந்தாய். வகுக்காமலே, இல்ல மகள், இதாலயும் போகல்ல என்று சொல்லிவிட்டேன். இப்போது வகுத்தேன். 3413 தரம் போகிறது, மீதி ஒன்றுமில்லை. பிறகு இரண்டு நாள் இருந்து உன் பங்கு எண்பத்துநான்கு வரியையும் திரும்பச் செய்தேன். ஒரு மீதிகூடப் பிழையில்லை. பதினைந்து வயதில் நீ செய்தது அது. வெள்ளிக்கிழமை விலகல் படிவத்தைக் கொடுக்க முன் அதை நினைத்துக்கொள். கடிதம் வந்துசேர நாளெடுக்கும், போனிலும் சொல்வேன். ஆனால் என் கையெழுத்திலும் இது இருக்க வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் காப்பாளாக.

உன் அம்மா
செசீலியா

சனிக்கிழமை, உறையை ஒட்ட முன்: போனில் சொன்னேன். அம்மா நீங்க கள்ளி, மூன்டில முடியிறதெல்லாம் இனி நானே பாக்கிறன் என்றாய். நேற்று நீ படிவத்தைக் கொடுக்கவில்லை. வகுப்புக்குப் போனாய்.