மூன்று இருபத்தொன்றான கதை

அன்பு மச்சான்,

காப்பியை விசைப்பலகை மேல் கொட்டிவிட்டதால் பேனாவில் எழுதுகிறேன்.

உன் நீள்வட்ட வளைவரையை இன்று வகுப்பில் கணினியில் போட்டேன். கட்டுரையில் நீ சொன்ன இருபத்தொரு புள்ளிகள் வரவே வராது என்று மாணவர்களுக்கு நிரூபித்துக்காட்டத்தான்! தன்னைத்தானே கூட்டிக்கொண்டே போனால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் புள்ளிகள், விகிதமுறு எண்களில் மூன்றே மூன்று. நீ சொன்ன மூன்றாம் படி எண்புலம் என்ற பெரிய எண் கூட்டத்தில் தேடினேன். இருபத்தொன்று! "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். முன் வரிசைப் பெண், "யாரு சார்?" என்றாள். கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன்.

இருபத்தொன்று உள்ள வளைவரைகள் முடிவில்லாத எண்ணிக்கையில் இருக்காது என்பதுதான் தேற்றம். அதை ஒன்றுகூட இருக்காது என்று புரிந்துகொண்டு, ஏழு வருஷத்துக்கு முன் உன் கட்டுரையை நிராகரித்தார் பத்திரிகையின் அந்தப் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர். எல்லாம் தெரிந்தவர் பாரு! நீயும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாய்.

அன்று கேண்டீனில் கண் கலங்கி, "எவன்டா அவன்? வழுக்கைத் தலையனாத்தான் இருப்பான்" என்றாய்.

"தொப்பையும் இருக்கும் மச்சான்" என்று நானும் ஒத்து ஊதினேன். உன் டீக்குக்கூட நான்தான் சர்க்கரை கலக்கிக் கொடுத்தேன்.

அப்போது எனக்குத் தலை நிறைய முடி.

பத்திரிகை ஆசிரியருக்கு நடந்ததை எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். கட்டுரையை மறுபடி அனுப்பு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதை அனுப்பிவிடு.

இப்படிக்கு,
இப்போது வழுக்கையும் தொப்பையுமாக,
அந்த மதிப்பீட்டாளன்