ரெண்டு விரல்கடை தண்ணி

என் வாயில்லாப்பூச்சிக்கு,

உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டு, ஆத்தங்கரையில இருக்கற எங்க மீன் கணக்கெடுப்பு அறைக்கு வந்து இன்னையோட ஆறு நாள் ஆச்சு. ஃபோன் பண்ணா மறுபடியும் கத்திடுவேன். அதான் கடிதம்.

அன்னைக்கு அணை ஷட்டரை ஒரே மூச்சுல இறக்கிட்டீங்க. தண்ணி சட்டுனு வடிஞ்சதுல மீன் குஞ்சுங்க கரையோரப் பள்ளத்துல மாட்டிக்கிச்சு. வாளி வாளியா அள்ளி ஆத்துல விட்டேன். அப்படியும் பாதி செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து உங்களைக் கொலைகாரன்னே சொல்லிட்டேன். நீங்க எனக்குக் கஞ்சி வெக்க அடுப்படிக்குப் போயிட்டீங்க.

மேசை மேல மாத்திரை அட்டை இருந்துச்சு. காலையில ஃபோன்ல காய்ச்சல் அடிக்குதுன்னு சொன்னது நான்தான். மருந்துக்கடை மூடறதுக்குள்ள போகணும்னு நீங்க அவசரப்பட்டது, அந்த அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேட்டா கோவம் போயிடுமேன்னுதான் கேக்கல.

இப்போ நீங்க தண்ணியைக் குறைக்கறப்பல்லாம் இங்க அளவுகோலைப் பார்க்கறேன். மணிக்கு ரெண்டு விரல்கடைதான் இறங்குது, ஒரு நூல் கூட அதிகமில்ல. அப்படின்னா ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டு, அங்கேயே நகராம உக்காந்திருக்கீங்க. மத்தியானம் சாப்பிடறீங்களா இல்லையா? பள்ளத்துல ஒரு குஞ்சு கூட இல்ல. என் வாளி காஞ்சு கிடக்குது.

சனிக்கிழமை வீட்டுக்கு வரேன். நான் வரேன்னு தெரிஞ்சு ஓடி வந்துடாதீங்க. மெதுவாவே இறக்கிட்டு வாங்க. எவ்வளவு நேரமானாலும் சாப்பிடாம உக்காந்திருப்பேன்.

உங்க மீன்காரி